சொந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் உன் அப்பா

பாகலூர் ரோடு, ஓசூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கண்ணு சுரேந்தருக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே சௌக்கியம், உன் அப்பாவின் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அது அவர் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்கு வேலைக்குப் போன காலத்திலேயே யாரோடும் ஒத்துப்போகாத கால்தான், அதற்காக நீ கவலைப்படாதே. அந்த ஹங்கேரிக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, சோறு வடிக்கிறாயா இல்லை ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறாயா, இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல். போன் இருக்கும்போது இதென்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அங்கே இப்போது மணி என்ன என்று கேட்கிறார், நீ சொன்னதும் இங்கே மணி என்ன என்று உனக்குச் சொல்கிறார், அதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது, மீதி நேரம் என் அழுகையில் போய்விடுகிறது. அதனால் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். எதிர் வீட்டுப் பிரவீனா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ பேசும்போது, கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், முப்பதாம் தேதிக்குள் போட வேண்டும் என்றாய். உனக்கு அங்கே இருக்கப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்டேன். நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, “வீட்டு லோன் இருக்குதில்லம்மா” என்றாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ ஊருக்கு வந்தால் இருப்பதற்கு ஒரு ரூம் வேண்டும் என்றுதான் கடன் போட்டு இந்த வீட்டையே வாங்கினோம், இப்போது அந்தக் கடனுக்காகவே நீ வர முடியாது என்றால் இது என்ன கூத்து கண்ணு? இதற்குப் பதில் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் அப்பா இங்கே அடித்த கூத்தை முதலில் சொன்னால்தான் உனக்கு மற்றது புரியும்.

வீட்டைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். இரண்டாவது மாடி, அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ரோஜாத் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசையாகத் தெரிகின்றன, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, மோட்டாரை நிறுத்து என்று யாரும் மேலே இருந்து கத்துவதில்லை. ஒரே ஒரு விநோதம், ஹாலில் நின்றால் போன் தமிழ்நாட்டில் இருக்கிறது, அடுப்படிக்குள் போனால் கர்நாடகாவுக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ் வருகிறது. நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை மாநிலம் தாண்டிப் போய்ச் சமைக்கிறேன். அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. உன் அப்பாதான் இன்னும் இந்த வீட்டுக்குக் குடிவரவில்லை.

இருபத்தாறு வருஷம் மத்திகிரியில் வாடகை வீடு, அதில் கடைசிப் பதினாலு வருஷம் திம்மப்பன் வீடு. திம்மப்பன் கன்னடத்தில் திட்டினால் தண்ணீர் அதிகம் செலவழித்துவிட்டோம், தெலுங்கில் திட்டினால் வாடகையை ஏற்றப்போகிறார், தமிழில் சிரித்துப் பேசினால் காலி பண்ணச் சொல்லப்போகிறார், உனக்கே தெரியும். அந்தப் பயம் உன் அப்பாவின் உடம்பில் ஊறிவிட்டது. இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது, சுவரில் ஒரு ஆணி அடிக்க விடவில்லை. சாமி படங்கள் எல்லாம் ஃபிரிட்ஜின் மேல், காலண்டர் நாற்காலியில், நீ டிப்ளமோ வாங்கிய போட்டோ சோபாவில் ஒரு ஆள் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், “ஓனரக் கேக்காம எப்பிடி அடிக்கறது” என்கிறார். ஓனரே நீங்கள்தானே என்றால், “கடன் முடியற வரைக்கும் பேங்குதான் ஓனரு, நாம குடியிருக்கறவங்க” என்கிறார். உன் சம்பளத்திலிருந்து தவணை தானாகப் போய்விடுகிறது என்று நீயும் சொன்னாய், பிரவீனாவும் சொன்னாள். ஆனாலும் அஞ்சாம் தேதி காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேங்குக்குப் போய், லோன் செக்ஷனில் இருக்கும் தானிஷ் என்ற தம்பியின் எதிரில் கையைக் கட்டி நின்று, “வந்துடுச்சுங்களா?” என்று கேட்டுவிட்டு வந்தால்தான் இவருக்கு அந்த மாதம் நிம்மதி. ஒரு தடவை பாத்ரூம் குழாயில் வாஷர் போய்விட்டது, அதையும் அந்தத் தம்பியிடமே சொல்லி எப்போது ஆள் அனுப்புவீர்கள் என்று கேட்டிருக்கிறார். பொங்கலுக்கு ஓனர் வீட்டுக்குக் கரும்பு கொடுப்போம் இல்லையா, ஒரு ஜோடி முழுக் கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேங்குக்குள் நுழையப் போனவரை வாசலில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டான். திரும்பி வந்து, இந்த ஓனர் கொஞ்சம் கறார் போலிருக்கிறது என்றார்.

இதெல்லாம் சின்னது. பெரியது போன செவ்வாய்க்கிழமை நடந்தது. உன் அத்தை வெள்ளையம்மா ஜவளகிரியிலிருந்து வீடு பார்க்க வந்திருந்தாள், மாமா, இரண்டு மருமகள்கள், மூன்று பிள்ளைகள் என்று மொத்தம் ஏழு பேர். வீட்டை அவர்கள் மூன்று நாள் தங்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெல் அடித்தது. உன் அப்பா கதவு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார், வெளியே தானிஷ். மனுஷனுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. “ஓனர் ஆளு வந்துட்டாங்க” என்று மூச்சுக்குள் சொன்னார், அவ்வளவுதான், சொந்தக்காரர் தங்கினாலே சத்தம் போடும் திம்மப்பன் வரும்போது என்ன செய்வோமோ அதை அப்படியே செய்துவிட்டார், ஏழு பேரையும் பாத்ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். அத்தையும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, அவளுக்கும் பழக்கம்தானே, கையில் இட்லித் தட்டோடு சட்னி சிந்தாமல் நடந்து உள்ளே போனாள். உன்னிடம் மறைப்பானேன், நானும் புத்தி கெட்டுப்போய் ஏழு டம்ளரையும் எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டேன். வெளியே வாசலில் கிடந்த செருப்புகளைத்தான் மறந்துவிட்டோம். தானிஷ் உள்ளே வந்ததுமே, “வீட்ல விசேஷமா அங்கிள், இவ்ளோ செருப்பு கெடக்குது?” என்று கேட்டான். அதற்கு உன் அப்பா, “எல்லாம் எங்க ரெண்டு பேருதுதான் தம்பி, மாத்தி மாத்திப் போடுவோம்” என்றார்.

அந்தத் தம்பி வந்தது ஒன்றுமில்லாத காரியத்துக்கு, வீட்டை உள்ளே ஒரு போட்டோ எடுத்துக் கடன் ஃபைலில் வைக்க வேண்டுமாம். வரும் வழியில் வண்டிச் செயின் கழன்று கையெல்லாம் கிரீஸ், கையைக் கழுவிக்கொள்கிறேன் என்று பாத்ரூம் பக்கம் திரும்பினான். உன் அப்பா குறுக்கே ஓடிப்போய் நின்று, “தண்ணி வர்றதில்லைங்க” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே எந்தப் பிள்ளை எதைத் திருகியதோ, ஷவர் கொட்டுகிற சத்தமும் அத்தை அலறுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. தானிஷ் பயந்துபோய்க் கதவைத் திறந்தான். ஏழு பேரும் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். அத்தை தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு, “வா சாமி, ரெண்டு இட்லி சாப்புடறியா?” என்று கேட்டாள். உன் அப்பா விடவில்லை, “இவங்க இங்க தங்கறவங்க இல்லைங்க, குளிச்சிட்டுப் போலாம்னு வந்தாங்க” என்றார். சேலையும் பேண்டுமாகவா என்று அந்தத் தம்பி கேட்கவில்லை, நல்ல வளர்ப்பு.

அவன் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்த காலண்டரின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு நாலு இட்லி சாப்பிட்டான். “அங்கிள், இது உங்க வீடு. பத்திரம் மட்டும்தான் எங்ககிட்ட இருக்குது. ஏழு பேரு இல்ல, எழுபது பேரு தங்கினாலும் நாங்க கேக்க மாட்டோம்” என்று இரண்டு தடவை சொன்னான். உன் அப்பா யோசித்துவிட்டு, “அத எழுதிக் குடுப்பீங்களா?” என்று கேட்டார். போட்டோ எடுக்கும்போது ஈரத்தலையோடு அத்தை குடும்பம் முழுதும் வந்து நின்றுகொண்டது, ஆள் இல்லாமல் எடுக்க வேண்டும் என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அதனால் பேங்கு ஃபைலில் நம் வீட்டை யாராவது பார்க்க வேண்டுமானால் அத்தையைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும்.

அவன் கிளம்பும்போது நான் கூடவே கேட் வரைக்கும் இறங்கிப்போய், உன் விஷயத்தைக் கேட்டேன். பையன் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். “ஏம்மா பிடுங்கறோம், பையன் எந்த ஊர்ல சம்பாதிச்சாலும் எங்களுக்கு ஒண்ணுதான், தவணை வந்தாப் போதும். கடன் கட்டற வருஷத்தக் கூட்டிக் கேக்கலாம், வீட்ட வாடகைக்கு விட்டுக்கூடக் கட்டறாங்க” என்றான். படியேறி வரும்போதே எனக்கு மனசு இரண்டாகிவிட்டது. நீ வரலாம் என்பது ஒரு பக்கம் சந்தோஷம், இந்த வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்குமோ என்பது ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். என் உயரத்துக்கு அலமாரி வைத்த அடுப்படி எனக்கு இந்த வயதில்தான் கிடைத்தது. அத்தை பஸ் ஏறியதும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ போனில் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தும் அவர் காதில் அது விழவே இல்லையாம். எழுந்து போய் சோபாவில் உன் போட்டோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன், கர்நாடகாவில் அழுதால் அவருக்குக் கேட்காது.

வியாழக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானம் வந்தார். எங்கே என்றால் மத்திகிரியில், மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறது, பார்த்துவிட்டு வந்தேன் என்கிறார். எனக்கு வந்ததே கோபம், சொந்த வீட்டுக்கு வந்து எட்டு மாசத்திலேயே மறுபடியும் வாடகைக்கா என்று கத்தினேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார், “இத வாடகைக்கு விட்டா தவணைல பாதி வந்துடும், மீதிக்கு அவன் இங்க எந்தக் கம்பெனில வேலை பாத்தாலும் போதும். வாடக வீடு நமக்குப் பழகினதுதான், செல்வம்மா. புள்ள இல்லாம இருக்கறதுதான் எனக்கு இன்னும் பழகல” என்று. கண்ணு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அப்பா இவ்வளவு பெரிய வாக்கியம் என்னிடம் பேசினதில்லை.

அங்கே அந்த வீட்டுக்கார அம்மா, எத்தனை பேர் குடியிருக்கப்போகிறீர்கள் என்று கேட்டாளாம். ஓனர் கேட்டால் ஆளைக் குறைத்தே சொல்லிப் பழகிய மனுஷன், “மூணு பேருங்க, பையன் வந்துட்டே இருக்கறான்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நீ இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் சொல்கிறேன், அந்த வேலையும் அந்தப் பனியும் உனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால், அங்கே யாராவது ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தால்கூட, சந்தோஷமாகக் கையெழுத்துப் போடு, நாங்கள் வீட்டைப் பெருக்கித் துடைத்துக்கொண்டு இருப்போம். பெண் என்றால் மட்டும் என்னிடம் முதலில் சொல். ஆனால் இந்த வீட்டுக்காக என்றால் போடாதே. எனக்கு இந்த வீட்டின் மேல் ஆசை இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிற ஆசையில் அது கால்வாசிகூட இல்லை.

நம் குலதெய்வம் உன் கூடவே நிற்கட்டும், எந்த ஊரில் இருந்தாலும் உன் வயிறு நிறைந்து மனசு குளிர்ந்து இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. முப்பதாம் தேதியையும் மறக்காதே. டிக்கெட் போட்டால் தேதியை என்னிடம் மட்டும் சொல், உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே, அவர் அன்றைக்கே போய்ப் பெங்களூர் ஏர்போர்ட்டில் உட்கார்ந்துகொள்வார்.

உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா செல்வம்மாள்