பானெட்டுக்கு அடியில் மஞ்சள் எழுத்து

என் வலது கை ஆள்காட்டி விரலில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. சாப்பிடக் கையைத் தூக்கினால் அந்த வாசனைதான் முதலில் வருகிறது. "இந்த நாத்தத்தோட எப்படிடா சோறு எறங்குது உனக்கு?" என்று ஏழு வருஷம் உன்னைத் திட்டியவன் நான். இன்று என் கையே நாறுகிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இதை அழுகைக் கடிதம் என்று எண்ணிவிடாதே. அழவேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டேன். இப்போது மிச்சம் இருப்பது கோபம், அது எனக்குத் தெம்பாகவே இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே என் அத்தா விட்டுப்போன ஸ்பேர் பார்ட்ஸ் கடை, அதன் பின்னால் நம் ஷெட். நீ எஸ்டேட் ஜீப் டிரைவர் மகன், சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவாய். எனக்கு எஞ்சின் வராது, காகிதம் வரும். கம்பெனியிலிருந்து வரும் வண்டி தரைக்காட்டுக்காக, கீழே சமவெளியில் ஓடுவதற்காகச் செய்தது. காப்பி மூட்டையை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் இழுவை இல்லாமல் திணறும். வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் கணக்கை லேப்டாப்பில் இறக்கி, எஞ்சினின் எந்தச் சுற்று வேகத்துக்கு எவ்வளவு டீசல், டர்போ எவ்வளவு காற்று தள்ள வேண்டும் என்று திருத்தி, மறுபடி உள்ளே எழுதுவாய். அதற்கு மலை ட்யூன் என்று நீயே பெயரும் வைத்தாய். கரும்புகை கக்க வைக்கச் சொல்லி வரும் டூரிஸ்ட் பையன்களை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுவாய்.

அந்த மென்பொருளை வாங்கிய நாளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஒப்பந்தத்தை நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்து உனக்குச் சொன்னேன். வண்டியில் மாட்டுகிற கருவிக்கு ஒரு விலை. அதை ஓட்டும் சாப்ட்வேருக்கு வருஷா வருஷம் சந்தா. கார் தனி, ஜீப் தனி, லாரி தனி. சந்தா நின்றால் லேப்டாப் பூட்டிக்கொள்ளும், நாம் திருத்தி வைத்த பைலும் அதற்குள்ளேயே கிடக்கும்.

நீ ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "அப்ப கலப்பையும் வாங்கோணும், உழுவறதுக்குத் தனியா குடுக்கோணும், ஒவ்வொரு காட்டுக்கும் தனித்தனியா குடுக்கோணும். வெளஞ்சது மட்டும் அவங்க ஊட்ல இருக்குமா?"

ஆமாம் என்றேன்.

அதே சாப்ட்வேரின் பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி ஒன்று சேலத்தில் சல்லிசாகக் கிடைத்தது. நான் சபலப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன். நீதான் மறுத்தாய். "எழுதிக்கிட்டு இருக்கறப்ப பாதில நின்னுச்சுன்னா பொட்டி செத்துப்போயிரும் பாயி. அந்த டிரைவர் பொழப்புக்கு எவன் லைசென்ஸ் தருவான்?" என்றாய். முறையாகவே வாங்கினோம்.

பாரத்தில் பெயர் கேட்ட இடத்தில் உன் பெயரை எழுதினேன். டிப்ளமோ உன்னுடையது, கைவேலை உன்னுடையது, கடைப்பெயரைப் போடுவதைவிட அதுதான் மரியாதை என்று நினைத்தேன். இந்த உரிமத்தைப் பிறர் பெயருக்கு மாற்ற இயலாது என்ற வரியை நானே சத்தமாகப் படித்தேன். "நான் எங்கடா போகப்போறேன்?" என்றாய். இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டோம். காகிதம் படிக்கத் தெரிந்தவன் என்று பீற்றிக்கொண்டவன் செய்த தவறு அது.

நமக்குள் பெரிய சண்டை என்றால் அந்த மஞ்சள் பெயின்ட் டப்பாவால்தான். ஒவ்வொரு வண்டி முடிந்ததும் பானெட்டைத் தூக்கி, அதன் உட்பக்கத்தில் நீ மாற்றிய எண்களை எல்லாம் பொடிப்பொடியாக எழுதிவைப்பாய். ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கிறது என்றேன். தொழில் ரகசியத்தை எவன் வேண்டுமானாலும் படித்துக்கொண்டு போவான் என்றேன். ஒரு நாள் பிரஷ்ஷைப் பிடுங்கி சாக்கடையில்கூட எறிந்தேன். நீ நிதானமாகப் போய் வேறு பிரஷ் வாங்கிவந்தாய். "பைல் கம்பெனிக்காரனுது. பானெட்டு வண்டிக்காரனுது. நாளைக்கு நாம கடைய மூடிட்டா அவன் எங்க போவான்?" என்று கேட்டுவிட்டு எழுத ஆரம்பித்துவிட்டாய். கடையை மூடும் பேச்சு எதற்கு என்று இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை.

பிறகு அந்தக் காலை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்த உன்னை நம் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினேன். பாதி வழியில், கண்ணை மூடியபடியே, "செகண்ட்லயே உடு, பிரேக்க மிதிச்சுக்கிட்டே போகாத" என்றாய். அடிவாரம் வந்து சேர்ந்தபோது நான் மட்டும்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன், சொல்ல ஆள் இல்லை. உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி அதற்குத்தான்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த வாரத்தில் லேப்டாப் பூட்டிக்கொண்டது. சந்தாவைக் கட்டுகிறேன் என்று சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "லைசென்ஸ் ஆளுக்குத்தான் சார், கடைக்கு இல்ல. அவர் இல்லைன்னா அதுவும் முடிஞ்சிடும். நீங்க புதுசா வாங்கிக்கலாம்." பழைய பைல்கள் என்றேன். அவை அந்த லைசென்ஸோடு போய்விடும் என்றான். முப்பத்தேழு வண்டியின் மலை ட்யூன் அதற்குள் கிடந்தது. உன் ஏழு வருஷ உழைப்பு என்று அவனிடம் கத்தினேன். அவன் என்ன செய்வான் பாவம்.

போன திங்கள்கிழமை வாழவந்தி ஜீப்காரர் வந்தார், இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாரே, அவர்தான். மழையில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டதாம். புதுப் பெட்டி மாட்டியிருந்தார். அதில் வண்டிக் கம்பெனியின் பழைய கணக்குதான் இருந்தது. "ஏனுங்க பாய், லோடு ஏத்துனா வளைவுல நின்னு போவுதுங்க. நேத்து பின்னாலயே உருண்டுருச்சு, கல்லு போட்டு நிறுத்துனனுங்க. எஸ்டேட்ல வேற வண்டி பாக்கறோம்ங்கறாங்க" என்றார்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் சேலத்துக்காரனுக்கு நான் போன் போட்டுவிட்டேன். உன்னிடம் மறைக்க முடியாது. அந்த உடைத்த காப்பியை அனுப்பு என்றேன். அனுப்புகிறேன் என்றான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த எண்ணை எழுதுவது? பைல் பூட்டுக்குள். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

ஜீப்காரர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க, அண்ணன் எழுதி வெச்சிருக்குதுங்களே" என்றபடி பானெட்டைத் தூக்கினார்.

ஏழு வருஷத்தில் நான் ஒருமுறைகூட முழுதாகப் படிக்காத எழுத்து. சுற்று, டீசல், காற்று, எல்லாம் வரிசையாக, ஒரு எண் விடாமல். ஓரத்தில் சின்னதாக, "குப்பனூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கவும்" என்று வேறு. அங்கேயே நின்று உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். ஜீப்காரர் தலையைத் திருப்பிக்கொண்டார். சேலத்துக்காரனுக்கு மறுபடி போன் செய்து, வேண்டாம் போ என்றேன்.

புது டயர் எடுக்க வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய் புது லைசென்ஸ் வாங்கினேன். இந்தத் தடவை கடைப்பெயரில், யார் உட்கார்ந்தாலும் வேலை நடக்கும்படி. அப்படி ஒரு வகை இருப்பதை அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால் விலையைக் கூட்டித் தருவார்கள். கேட்டேன். புதுப் பெட்டியின் கணக்கை இறக்கி, உன் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். நீ அரைமணியில் முடிப்பதை நான் பகல் முழுக்கச் செய்தேன்.

இன்று காலை மூட்டை ஏற்றிக்கொண்டு குப்பனூர் ரோட்டில் ஏறினோம். உன் எண்ணில் ஒன்று புதுப் பெட்டிக்குக் கொஞ்சம் அதிகம், புகை வந்தது. அதைக் குறைத்தேன். ஆமாம், உன்னைத் திருத்தினேன், வந்து கேள். அடுத்த ஏற்றத்தில் வண்டி செகண்ட் கியரிலேயே நிற்காமல் ஏறியது. ஜீப்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இறங்கி வந்ததும் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து சாப்ட்வேர் கம்பெனிப் பையன் போன் செய்தான், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. பெயின்டில் எழுதப்போவதை அவனிடமே சொன்னேன். "வேல்யூவெல்லாம் வெளிய எழுதி வெக்காதீங்க சார். கஸ்டமர் வேற எடத்துக்குப் போயிடுவாங்க."

"போகட்டும்ங்க" என்றேன். "ஒப்பந்தம் இருபத்திரெண்டு பக்கத்தையும் படிச்சிட்டேன். உங்க சாப்ட்வேர யாருக்கும் குடுக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு, குடுக்கமாட்டேன். நாங்க மலையில ஏறி எறங்கிக் கண்டுபிடிச்ச நம்பரு எங்குளுது. அத எங்க எழுதறதுன்னு எதுலயும் போடல."

உன் வரிகளுக்குக் கீழே என் ஒரு வரியைக் கோணல்மாணலாக எழுதினேன். ஆள் போனால் லைசென்ஸும் போகும் என்றார்கள். போகட்டும். நீ எழுதியது முப்பத்தேழு பானெட்டில் தினமும் மலை ஏறிக்கொண்டிருக்கிறது. அதை எவனும் பூட்ட முடியாது.