அப்பா பிரித்துக் கொடுத்தது

மார்ச் 4
துறைமுகத்தில் வருடாந்திர உடல் பரிசோதனை. நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள், அவிழ்த்தாள், மறு கையில் சுற்றினாள். "படியேறி ஓடி வந்தீங்களா?" உட்கார்ந்துதானே இருந்தேன்! பிரஷர் இருநூறுக்கு நூற்றுப்பத்து. தலைவலிகூடக் கிடையாது. மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இன்னிக்கு கிரேன் மேல ஏற வேணாம்ணே." காய்ச்சலோடு ஏறி கண்டெய்னர் இறக்கியவன் நான்.

மார்ச் 12
ஸ்கேனில் இரண்டு கிட்னியிலும் திராட்சைக் கொத்தாக நீர்க்கட்டிகள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கட்டிகள் ரத்தக்குழாய்களை நெருக்குகின்றன. ரத்தம் போதவில்லை என்று கிட்னி ஏமாந்துபோய், பிரஷரை ஏற்றச் சொல்லி உடம்புக்கு ஆள் அனுப்புகிறது. வெளியேறாத உப்பும் நீரும் இன்னும் ஏற்றுகின்றன. ஏறிய பிரஷர் மிச்ச கிட்னியையும் அரிக்கிறது.
"இது பரம்பரையா வர்றது. உங்கப்பா எப்படி இறந்தார்?"
தலையில் ரத்தக்குழாய் வெடித்து. கண் பட்டுவிட்டது என்றுதான் வீட்டில் இன்றுவரை பேச்சு.
என் கிட்னி முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டதாம். இத்தனை நாள் எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

ஏப்ரல் 2
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. என் தட்டு முழுக்கக் குப்பை.

மே 19
மாத்திரை மூன்றாகிவிட்டது. முதுகுவலிக்குப் போட்டுவந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா - அதுவும் பிரஷரை ஏற்றுமாம், கிட்னியைக் கெடுக்குமாம். பிரஷர் இறங்கியிருக்கிறது. ரத்தத்தில் கழிவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. தலைக்கு மேல் வெள்ளம். சாண் என்ன, முழம் என்ன.
வேலை இப்போது வாசல் கேட்டில், லாரிகளின் பூட்டைச் சரிபார்ப்பது. என் கிரேனை வேறு ஒருவன் ஓட்டுகிறான். பெட்டி ஆடுகிறது. மெதுவாடா, மெதுவா...

ஜூலை 7
கிட்னி மாற்றுவதுதான் வழி. மனைவியின் ரத்த வகை சேரவில்லை. அக்கா வந்தாள். அவள் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் பீரங்கி. தெருமுனையிலேயே கேட்டது. "ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கடா. ரெண்டையும் வச்சு நான் என்ன ஊறுகாயா போடப்போறேன்?"
முதலில் அவளைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. கல்லைத் தின்றாலும் செரிக்கிறவள் அக்கா. இன்று நன்றாகத் தூங்குவேன்.

ஜூலை 22
அக்காவுக்குப் பட்டை சுற்றினார்கள். அவிழ்த்து மறுபடி சுற்றினார்கள். "உன் மிஷின் கெட்டுப்போச்சும்மா" என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.
ஸ்கேனிலும் அதேதான். அவளுக்கும் கட்டிகள். ஆனால் கிட்னி இன்னும் வேலை செய்கிறது; இப்போதே பிரஷரை அடக்கினால் பல வருடம் தள்ளிப்போடலாமாம்.
கொடுக்க வந்தவள். பஸ்ஸில் வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. பீரங்கி ஊமையாகி நான் பார்த்ததே இல்லை. இறங்கும்போது சொன்னாள்: "உனக்கு மட்டும் எப்படிடா தருவாரு? அப்பா ரெண்டு பேருக்கும் சமமாத்தான் பிரிச்சுக் கொடுத்திருக்காரு."
அதற்குப் பிறகுதான் அழுதாள்.

செப்டம்பர் 3
மகளையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வற்புறுத்த எனக்கும் தைரியம் இல்லை. தெரியாமல் இருந்த என்னை அது விட்டுவைத்ததா?

அக்டோபர் 15
டயாலிசிஸ் தொடங்கியாயிற்று. கையில் இரண்டு ஊசி. இனி வாரம் மூன்று முறை இதுதான்.

அக்டோபர் 30
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 28
டயாலிசிஸுக்கு இன்று மகள் கூட வந்தாள். லீவு போட்டாளாம். காரணம் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு போர்வையை என் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டாள்:
"அத்தை போடுற பிரஷர் மாத்திரை இருக்கில்லப்பா, அதைக் காலையில போடணுமா, ராத்திரியா?"
காலையில், என்றேன்.
"சரிப்பா."
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.