கட்டவிழ்க்கும் வரை

தாம்பரம்
11-7-1967

என் அன்பு யூனிஸுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். அங்கே நீ சுகமா? மாமாவின் இருமல் தேவலையா?

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல நர்ஸ் அமலராணி எழுதுகிறாள். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் லீவு கொடுத்துவிட்டார்கள்.

செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவன் நான். ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் கேட்டபோதெல்லாம், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். நீ கலங்கிவிடுவாய் என்று உனக்கும் எழுதவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரர் துலுக்காணம், "தெரியாத கண்ண வெச்சிகினு இன்னா சார் யோசிக்கிற? டாக்டரு, எனக்கு நாளைக்கே பண்ணிடு" என்றார். வெட்கத்தில் நானும் தலையாட்டிவிட்டேன்.

இப்போது பக்கத்துக் கட்டிலில் அவர்தான். அசையக் கூடாது என்றதும் நான் மரக்கட்டையாகக் கிடக்கிறேன். அவரோ, "சும்மா படுத்துகினே கீறது பேஜாரா கீது சார்" என்று எழப் பார்க்கிறார். எழுந்தால் கண் போய்விடும். அதனால் உன் சமையலைப் பற்றிப் பேசிப் பேசி அவரைப் படுக்க வைத்திருக்கிறேன். நம் ஊர்க் கருப்பட்டி கொஞ்சம் அனுப்பு, அவருக்கும் சேர்த்து.

ஊசி போட அமலராணியைக் கூப்பிடுகிறார்கள். இன்னும் ஒன்று. உன் பதிலை இவள்தான் படித்துக்காட்டுவாள். ஆகவே வழக்கமாகக் கடைசியில் எழுதுவாயே, அந்த வரியை மட்டும் எழுதாதே. அந்த இடத்தைக் காலியாக விட்டு வை. கட்டவிழ்த்ததும் நானே படித்துக்கொள்கிறேன்.

உன்
சத்தியநாதன்