ஜொஞ்சுவின் மாலை வகுப்பு

ஹரினின் அம்மாவுக்கு,

2024 டிசம்பர் 12, வியாழன், மாலை 4.10. நூலக, தகவல் அறிவியல் முதுகலைக்கு மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன், இரண்டில் கிடைத்துவிட்டது. சியோலில் பகல் வகுப்பு, நீயும் ஹரினும் இருக்கும் ஜொஞ்சுவில் மாலை வகுப்பு. இரண்டையும் ஒப்பிட்டு நான் போட்ட மதிப்பெண் அட்டவணையில் சியோல்தான் முதலில்.

ஜொஞ்சு நேர்காணலில் பேராசிரியர் மின், "சியோல் இருக்க, இங்க ஏம்ப்பா வர்ற?" என்றார்.

"வீட்டுக்காரியும் பொண்ணும் இங்க இருக்காங்க சார். நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நான் அப்பா."

"விண்ணப்பத்துல எழுதலையே?"

"அதுக்குக் கட்டம் இல்லை சார்."

அறையில் இருந்த மூவரும் சிரித்தார்கள். வாயால் கெட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

உன் வீட்டுக்காரன்

இனிச் செய்யப்போவது:

1. நாளை சியோலுக்கு, வரவில்லை என்று எழுதுகிறேன்.
2. திங்களன்று, இங்கே நான் வேலை பார்க்கும் கணினிச் சிப் தொழிற்சாலையில் ராஜினாமா.
3. மார்ச் முதல் ஹரினுக்குத் தினமும் நான்தான் சடை போடுவேன். அவள் அழாத மாதிரி எப்படி என்று சொல்லிக்கொடு.