அவளுக்குச் சமாதானம் என்று எழுதினேன்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் சௌக்கியம், உன் அம்மா சௌக்கியமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும், அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். குழந்தை நம் வீட்டில்தான் இருக்கிறாள், இனியும் இங்கேதான் இருப்பாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ வரிக்கு வரி தேடிக்கொண்டிருக்க வேண்டாம். குடும்ப விவகார மன்றத்திலிருந்து வரும் வாரம் உன்னைப் போனில் கூப்பிடுவார்கள். பதறிப்போய் எதையாவது உளறி வைக்காதே. நீ என்ன சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நீ நடுவில் அழ ஆரம்பித்துவிடுவாய், எனக்கு அது ஆகாது.

உன் மனைவி, அதுதான் நம் மகாராணி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா ஊருக்குப் போய்விடப் போவதாக வந்து நின்றாள். "மாமா, அவரும் வர மாட்டாரு, என்னையும் கூப்பிட்டுக்க மாட்டாரு, நான் யாருக்காகக் காத்திருக்கணும்?" என்று கேட்டாள். வந்த புதிதில் அரபியைத் தவிர ஒன்றும் தெரியாத பெண், இப்போது தமிழில் என்ன நறுக்கென்று பேசுகிறாள் பார். நியாயமான கேள்வி, அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பேத்தி என்னிடம் இருக்க வேண்டும் என்று மறுநாளே மன்றத்தில் மனுக் கொடுத்தேன், வீட்டில் மூச்சு விடவில்லை. மன்றத்தின் அழைப்பு அவள் பெயருக்கு ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலம் அவளுக்கு ஒரு எழுத்து தெரியாது. மருந்துச் சீட்டு, பள்ளிக்கூடத்து அறிவிப்பு, எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவாள், நானும் நம் மொழிபெயர்ப்புத் தொழில் வழக்கப்படி வரிக்குக் கீழே பென்சிலால் அரபியில் எழுதிக் கொடுப்பேன். இதையும் அப்படியே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கொண்டுவந்து நீட்டினாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம் வேறு.

அந்தத் தேதியில் மன்றம் இந்த விஷயத்தை அட்ஜுடிகேட் செய்யும் என்று இருந்தது. நீ என்னிடம் தொழில் படித்தவன், உனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கேட்டு, ஒன்றைச் சொல்லி, அதற்கு மேல் பேச்சில்லை என்று முடிக்கிற காரியம் அது. அரபியில் யக்ளீ என்று எழுத வேண்டும், தீர்ப்புச் சொல்லும் என்று. படித்தவுடன் வக்கீலைத் தேடி ஓடுவார்கள். நான் யுஸ்லிஹ் என்று எழுதினேன், மன்றம் இரண்டு தரப்பையும் சமாதானம் செய்து வைக்கும் என்று. கோர்ட்டில் இத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறேன், என் ஒரு சொல்லில் ஒருவனும் குறை கண்டதில்லை. இதுவும் தவறில்லை, தவறு தெரியாதவன் செய்வது.

சமாதானத்துக்குத்தானே போகிறோம் என்று நல்ல உடையாக உடுத்திக்கொண்டு வந்தாள். அந்த அறையில் இரண்டு மின்விசிறி, ஒன்று ஓடாது, ஓடாததன் கீழே அவள் உட்கார்ந்தாள். கூட ஒருவரும் இல்லை, கையில் ஒரு காகிதம் இல்லை. குழந்தையோடு எங்கே இருப்பாய், என்ன வேலை செய்வாய், ஏதாவது ஆட்சேபம் உண்டா என்று மன்றத்து மொழிபெயர்ப்பாளர் அரபியில் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மாமா என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்றாள். அதை அப்படியே பதிவு செய்துகொண்டார்கள். பிறகு குழந்தை என்னிடமே இருக்க வேண்டும் என்று தலைவர் முடிவைப் படித்தார், மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து தீர்ப்பு என்ற சரியான சொல் வந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன், எனக்கென்ன பயம். அன்று சாயங்காலமே அவளைப் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டேன்.

குழந்தையைப் பற்றிக் கவலைப்படாதே. முதலில் ஷூவை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வேண்டும் என்று அரபியில் கேட்பாள், நான் புரியாதவன் போலச் செய்தித்தாளைத் திருப்புவேன். எனக்குப் புரியும் என்று அவளுக்கும் தெரியும், திரும்பத் திரும்பக் கேட்பாள். உன் அம்மா குறுக்கே வந்து தம்ளரை நீட்டினாள், வாங்கி மேசைமேல் வைத்துவிட்டேன். நேற்று மத்தியானம் "தாத்தா, தண்ணி" என்றாள். முழுத் தம்ளரும் கொடுத்தேன். அப்போதிலிருந்துதான் உன் அம்மாவின் மௌன விரதம்.

இப்போது மகாராணி மேல்மனுப் போட்டிருக்கிறாள், மாமா என்னை ஏமாற்றிவிட்டார் என்று. மன்றத்துப் படிக்கட்டில் வைத்து என் முகத்துக்கு நேரே கத்தினாள், ஊரே பார்த்தது. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. விசாரணைக்கு முன்னாலேயே அந்த அழைப்பையும் என் பென்சில் வரியையும் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பி, மாமா எழுதியிருப்பது சரிதானே என்று கேட்டிருக்கிறாள். "சரிதான், போயிட்டு வா" என்று நீ பதில் போட்டிருக்கிறாய். போனை என் கண்ணுக்கு நேரே நீட்டிக் காட்டினாள். அடடா, நான் உன்னைக் கையாலாகாதவன் என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்! நீ படிக்காமல் பதில் போட்டாயா, படித்துவிட்டுப் போட்டாயா என்று நான் கேட்க மாட்டேன். மன்றத்தில் கேட்பார்கள். படிக்கவில்லை என்றால் மனைவி கேட்டதைக்கூடப் படிக்காத புருஷன், படித்தேன், தவறு என்று இப்போது சொன்னால் தெரிந்தே அவளை அனுப்பிவைத்த புருஷன். மூன்றாவதாக ஒரு பதில்தான் இருக்கிறது, அதை அவளுக்கு நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய். அப்பா எழுதியது சரிதான் என்று அதையே சொல்.

நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் பெற்று நன்றாக இரு. குளிருக்குக் கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. குழந்தையிடம் போனில் பேசினால் தமிழிலேயே பேசு. ராத்திரி தூக்கத்தில் மட்டும் இன்னும் அரபியில் அம்மாவைக் கூப்பிடுகிறாள், போகப் போகச் சரியாகிவிடும்.

உன் நலம் தவிர வேறொன்றும் நினைக்காத,
அப்பா