கல்லுக்கு மிஷின், சுவருக்குக் கை உளி

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் பொதுச்சுவரில் நீ கரண்ட் மிஷினை வைத்துத் துளைத்தது தப்பு. அன்றைக்கும் தப்பு, நீ போய்ச் சேர்ந்து பதினான்கு நாள் ஆன இன்றைக்கும் தப்பு. இதைச் சொல்லாமல் உன்னைப் பற்றி வேறெதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

காலையில் உன் சம்சாரம் அந்த மிஷினைத் தகரப் பெட்டியோடு கொண்டுவந்து என் வாசலில் வைத்தது. மூடியைத் திறந்ததும் கிரீசும் பழைய சுண்ணாம்புத் தூளும் கலந்த வாடை. எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு வாசற்படிக் கல்லில் தாழ்ப்பாள் இறங்க ஒரு குழி போட எனக்கு ஒன்பது நாள் ஆனது. தபால் ஆபீஸில் முத்திரை குத்திய கை இது. உளி பிடிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு அடி, உளியைக் கொஞ்சம் திருப்பு, மறுபடி ஒரு அடி, தூளை ஊது. நானாகப் பழகியது அவ்வளவுதான். நீ கடைக்குப் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பாய்.

“இன்னாய்யா, இன்னுமா குத்திக்கினு இருக்குற? மேல கோட்டை கட்டுனவன்கூட உனக்கு முன்னாடி முடிச்சிட்டு எறங்கியிருப்பான்.”

“அவன் கட்டுனது இன்னும் நிக்குது. நீ போய் பல்பு வியாபாரத்தப் பாரு.”

தெருவுக்குக் கரண்ட் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் மெட்ராஸில் இருந்த உன் மச்சான் மூலமாக, சுற்றிக்கொண்டே குத்தும் அந்த மிஷினை வாங்கிவிட்டாய். கடை வாசலில் கிடந்த கருங்கல்லில் அதை வைத்தபோது பஜாரே கூடியது. நான் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் விரல் ஆழத்துக்குத் துளை. என்னைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பை மறக்கவில்லை.

“கல்லுல குத்து, வேணான்னு சொல்லல,” என்றேன். “நம்ம சுவத்துல மட்டும் வெக்காத. உள்ள மண்ணு வெச்சுக் கட்டுன செங்கல்லு. எங்க நிறுத்தணும்னு கைக்குத் தெரியும். மிஷினுக்குத் தெரியாது.”

“உனக்குப் பொறாமைய்யா.”

பனமலையில் ஒரு கல்யாணத்துக்கு நான் போன அன்று, அலமாரிப் பலகை அடிக்க அதே சுவரில் நாலு துளை போட்டாய். திரும்பி வந்து பார்த்தால் என் பக்கத்துப் பூச்சு பாய் அகலத்துக்கு உரிந்து விழுந்து கிடக்கிறது. அரிசிப் பானை முழுக்கச் சுண்ணாம்பு. உன் பக்கம் வந்தேன். கூடத்தில் பலகையிலிருந்து தரைவரை விரிசல். நான் கத்தினேன். நீ அசையவில்லை.

“கருங்கல்லே தாங்குச்சு. உன் சுவரு இன்னா, வெல்லத்துலயா கட்டியிருக்குது?”

துளைக்கும்போது நம் சுவர். விரிசல் விட்டதும் என் சுவர்.

செஞ்சியில் பிறந்தவர்களுக்கு இந்தப் புத்தி உண்டு. கண் விழித்தால் பாறை. அதனால் பாறையைத் துளைத்தவன் எதையும் துளைக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். பாறை குத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். பழைய சுவர் அந்த அதிர்வை ஒரு செங்கல்லிலிருந்து அடுத்த செங்கல்லுக்குத் தள்ளிவிடும். உனக்கு இது தெரியவில்லை. தெரிந்தவன் சொன்னதையும் கேட்கவில்லை.

என் பக்கத்துப் பூச்சு வேலையை நானே செய்தேன். உன் பக்கத்து விரிசல் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஒரே பேப்பரைத்தான் இரண்டு பேரும் படித்தோம். ‘தப்பு’ என்ற ஒரு சொல் மட்டும் உன் வாயிலிருந்து வரவில்லை. நான் காத்திருந்தேன்.

இன்று காலை பெட்டியை வைத்துவிட்டு உன் சம்சாரம், எனக்குத் தங்கச்சி, சொன்னது: “அந்த அலமாரி அடிச்ச நாள்லேர்ந்து இந்தப் பொட்டிய அவரு தொறக்கவே இல்லண்ணா. சின்னதா ஒரு துளை போடணும்னாகூட உளியத்தான் தேடுவாரு.”

அவ்வப்போது சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்று கேட்கும். வேலைக்கு ஆள் வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் நீ சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போனது இரண்டாவது தப்பு.

நாளை மறுநாள் காரியம். தேக்குச் சட்டமும் கண்ணாடியுமாக உன் படம் வந்திருக்கிறது. ஒரு ஆள் தூக்கும் கனம். அதற்குள் உன்னைக் கூடத்தில் மாட்டிவிட வேண்டும் என்கிறது தங்கச்சி. பொதுச்சுவர் அந்தக் கனத்தைத் தாங்காது. எதிரே உள்கதவுக்கு மேல் இருக்கும் கல் உத்தரம் தாங்கும். ஆனால் கல்லில் ஒரு குழிக்கே என் உளிக்கு ஒன்பது நாள்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை தங்கச்சி கூடத்துச் சாமான்களை ஒதுக்கி வைக்க வேண்டும். ஏணியை உன் மச்சான் பிடிக்க வேண்டும். மிஷினைக் கொண்டுவந்தவன் அவன்தானே. மிஷினை நான் பிடிப்பேன். கல்லில் மட்டும், இரண்டே துளை. பிறகு பெட்டி உன் வீட்டுக்கே திரும்பிப் போகும். பொதுச்சுவரில் ஒரு ஆணி அடிப்பதானாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும், உளியோடு வருவேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த உத்தரத்துக்கு நேர் எதிரே தெரிவது நம் சுவர். அங்கிருந்தபடியே அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிரு.