பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

ஜூலை 9, புதன்

பழைய கார் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடிக்கிறது, சிக்னலில் நின்றால் உதறுகிறது. அதனால் இன்று மனைவி லதாவையும் ஏற்றிக்கொண்டு தம்போயில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

மெக்கானிக் சேகர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். "ஆக்சிஜன் சென்சார் போச்சுண்ணே. எஞ்சின் லைட்டு எரிஞ்சிருக்கணுமே?"

எரியவே இல்லை என்று சாதித்தேன். அவர் மீட்டர் பக்கம் குனிந்து, கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை நகத்தால் உரித்தார். அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணை உறுத்துகிறதென்று ஆறு மாதத்துக்கு முன் நான்தான் ஒட்டினேன். சுத்தமாக மறந்துவிட்டேன்.

"அலமாக், என் பொட்டு!" என்று வியந்தாள் லதா.

புகைக்குழாயில் துருவேறிக் கிடந்த சென்சாரைக் கழற்ற சேகர் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். புதியதை மாட்டியதும் உதறல் நின்றது. விளக்கும் அணைந்தது.

திரும்பும் வழியில் லதா கேட்டாள்: "இன்னும் எது எது மேல பொட்டு ஒட்டி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல லா" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த மாதத்தோடு என் வேலை முடிகிறது என்று தொழிற்சாலையில் கொடுத்த கடிதம், அவள் முழங்காலுக்கு நேரே டேஷ்போர்டு பெட்டியில்தான் கிடந்தது. இப்போதும் அங்கேதான் கிடக்கிறது.